மஞ்சளாகிப் போன மாணிக்கம்

சிவப்பு போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது.

ஊதுவிளக்கின் நீல நாக்கு வெள்ளியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒட்டுக்குப் பூசிய வெங்காரம் பொரிந்து அடங்கியது. வெள்ளிப் பொடி உருகி ஓடுவதற்காகக் காத்திருந்தேன். ஓடியது. அதே நொடியில், நடுவில் உட்கார்ந்திருந்த சிவப்புக் கல்லின் முனைகள் மழுங்கின, வாயில் போட்ட கற்கண்டு மழுங்குவதுபோல.

பதறி விளக்கை விலக்கினேன். குறட்டால் தூக்கிக் குளிர்ந்த பட்டறை இரும்பில் வைத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். ஆறியதும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கொண்டைக்கடலை அளவுக் கல். உள்ளே தலைமயிர் போல ஒரு கீறல். நிறம், ஒரே தூளில் இரண்டாம் முறை ஊற்றிய சாயத் தேத்தண்ணீரின் வெளிறின மஞ்சள்.

அது எங்கள் தோட்டத்து மாரியம்மனின் நெற்றிப் பொட்டு.

அன்று வியாழக்கிழமை. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் இந்தப் பத்தியில் எஞ்சின் பெல்ட் அறுந்த நாளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கினிகத்தேனையிலிருந்து ஒருவர், 'நீங்கள் கண்ணாடி வேலையும் செய்தவராமே, அதை ஏன் எழுதவில்லை?' என்று கேட்டு எழுதியிருந்தார். எழுதாததற்குக் காரணம் இந்த வியாழக்கிழமைதான்.

தொரசாணி விட்டுப்போன பெட்டி

எங்கள் தோட்டம் ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகிற பாதையில் இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். நான் அந்த ஸ்டோரில் பிட்டர். உடைந்ததை ஒட்டுவது, வளைந்ததை நிமிர்த்துவது, எஞ்சினுக்கு எண்ணெய் விடுவது என் வேலை. இயந்திரங்களோடு இருப்பது எனக்குச் சுகம். அவை என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை.

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். பங்களாவிலிருந்து ஆள் வந்து என்னைக் கூப்பிட்டான். வெள்ளைக்காரத் தொரையின் மனைவியான தொரசாணியின் துருத்தி கிழிந்துவிட்டதாம்.

போய்ப் பார்த்தால், பங்களாவின் பின்னறையில் ஒரு மேசை. மேசையில் மண்ணெண்ணெய் விளக்கு, கீழே காலால் மிதிக்கிற துருத்தி. மிதித்தால் காற்று விளக்கின் சுடரில் ஊதி, அதை ஊசிபோல நீட்டும். அந்த ஊசிச் சுடரில் தொரசாணி கண்ணாடிக் குச்சிகளை உருக்கி, கம்பியில் சுற்றி மணிகள் செய்துகொண்டிருந்தார். ஒரு மூலையில் சின்னச் சூளை. பிஸ்கட் டின் அளவு இரும்புப் பெட்டி, சுற்றிலும் செங்கல், கீழே கரி. செய்த மணிகளை அதில் வைத்து மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் வெடித்துவிடும்.

துருத்தியைத் தைத்துக் கொடுத்தேன். அப்புறம் அதை மிதிப்பதற்கும் என்னைத்தான் கூப்பிட்டார். வாரத்தில் ஒரு மத்தியானம் போவேன். அவருக்குத் தெரிந்த தமிழ் பத்துப் பதினைந்து சொல். எனக்கு அதுவே வசதியாக இருந்தது.

ஒரு நாள் குச்சி ஒன்றைக் கொடுத்து, "அளகர், இது சிவப்பு. நீ செய்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அழகர் என்ற என் பெயர் அவர் வாயில் அப்படித்தான் வரும்.

குச்சி சிவப்பாக இல்லை. வெளிறின மஞ்சளாக இருந்தது. நெருப்புப் பட்டால் சிவக்கும் போலும் என்று நினைத்துப் பத்து மணி செய்தேன். பத்தும் மஞ்சள். நான் வளர்ந்தது ஸ்டோரில். அரைத்த கொழுந்தைப் பரப்பி வைத்தால் பச்சை போய் செம்பு நிறம் வரும். டீமேக்கர் மோந்து பார்த்து, பதம் என்றதும் அடுப்புக்குப் போகும். அடுப்பு பார்த்த பிறகு அவ்வளவுதான். நல்லதோ கெட்டதோ, அதற்கப்புறம் அதை மாற்ற முடியாது. மணியும் அப்படித்தான் என்று நினைத்தேன். கெட்டுப்போன பத்தையும் ஜன்னல் வழியாக வெளியே ஓடிய மழைநீர்க் கானில் எறிந்துவிட்டேன்.

தொரசாணி வந்து, "எங்கே என் சிவப்பு மணி?" என்றார்.

நான் கானைக் காட்டினேன்.

அவர் குடையைப் பிடித்துக்கொண்டு கானுக்கு மேலே நிற்க, நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏழு மணிகளைப் பொறுக்கி எடுத்தேன். அந்த ஏழு மணிகளையும் சூளையில் வைத்துச் சூடாக்கினார். திறந்து பார்த்தபோது ஏழும் மாதுளை முத்தாக இருந்தன. முதல் சூட்டில் அந்தக் கண்ணாடி தன் நிறத்தை ஒளித்துக்கொள்கிறது. ஆறவிட்டு இரண்டாம் தரம் அளவாகச் சுட்டால்தான் காட்டுகிறது. சூடு மிஞ்சி மறுபடி உருகினால் திரும்பவும் போய்விடும்.

இதை எங்கள் டீமேக்கர் ஐயாவிடம் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மூக்கு நுனியில் கண்ணாடி, காதில் பென்சில்.

"என்னட்டை வாற தேயிலையும் இப்பிடி ரெண்டாந்தரம் சூடு கேட்டால் நான் வேலையை விட்டிட்டுச் சுழிபுரத்துக்குப் போய் வெங்காயம் நடுவன்," என்றார்.

பிறகு தொரை ஓய்வு பெற்றார். தொரசாணி சீமைக்குப் போகும்போது விளக்கையும் துருத்தியையும் சூளையையும், ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிக் குச்சிகளையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையில் உட்கார்ந்து மணி செய்வேன். லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் வாங்கிப் பாசியோடு கோத்துக்கொள்வார்கள்.

அம்மன் பொட்டின் வெள்ளிப் பிடி உடைந்தபோது பூசாரிக்கு என் ஞாபகம் வந்தது அதனால்தான்.

இரண்டு சொல்

பொட்டைக் கொண்டுவந்தவள் காமாட்சி. கொழுந்து எடுப்பவள். புருஷன் வேலுச்சாமி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். ஒரே பிள்ளை, இரண்டு வயது ராசாத்தி. வியாழக்கிழமைகளில் கோயிலைக் கழுவி விடுவது அவள் முறை. பூசாரிக்குக் காய்ச்சல். தலை குளித்திருந்தவள் அவள்தான் என்பதால் மஞ்சள் துணியில் முடிந்து அவளிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்.

"அண்ணே, நாளைக்கு வெள்ளிக்கெழம. பூசைக்கு வேணுமாம். மத்தியானம் வந்து வாங்கிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுக் கொழுந்து மலைக்கு ஓடினாள்.

கல்லைக் கழற்றாமல் அப்படியே வைத்து ஊதினேன். அது என் அசட்டை இல்லை. அந்தக் கல் மாணிக்கம் என்று தோட்டம் முழுக்கத் தெரியும். பெரிய கங்காணியின் அப்பா இந்தியாவிலிருந்து கொண்டுவந்து அம்மனுக்குச் சாத்தியது. மாணிக்கம் எந்த நெருப்புக்கும் அஞ்சாது என்று தொரசாணி தன் மோதிரத்தைக் காட்டிச் சொல்லியிருக்கிறார். பயப்படாமல் ஊதினேன்.

மாணிக்கம் உருகாது. உருகினது கண்ணாடி.

சிவப்பைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்று அப்போதே தோன்றியது. ஆனால் சூளை மூட்டி, கீறல் விழுந்த கல்லை மெல்லச் சூடேற்ற நேரம் வேண்டும். யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் நிழல். காமாட்சி தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மழையில் நின்றாள்.

"ஆச்சாண்ணே?"

'நாளைக்கு வாங்க' என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் மாணிக்கம் கண்ணாடி என்று சொல்ல வேண்டும். அது பெரிய கங்காணி காதுக்குப் போகும். நான் பொட்டை மஞ்சள் துணியில் முடிந்து அவள் கையில் கொடுத்தேன்.

அவள் பிரித்துப் பார்க்கவில்லை. சாமி பொருளை வழியில் பிரிக்கக் கூடாது என்று இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

பிள்ளையைத் தாண்டு

வெள்ளிக்கிழமை மாலை கோயிலில் பூசாரி முடிச்சை அவிழ்த்தார். நானும் கடைசி வரிசையில் நின்றேன்.

"இதென்னாது?" என்றார் பூசாரி.

பெரிய கங்காணி கோட்டுப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். எழுபதை நெருங்கியவர். காலம் மாறிவிட்டது, யூனியன் வந்துவிட்டது, கங்காணிக்குப் பழைய அதிகாரம் இல்லை. ஆனாலும் கோயிலில் அவர் சொன்னதுதான் சொல்.

"கல்லு எங்க?" என்றார்.

"குடுத்ததத்தான் கொண்டாந்தேங்க," என்றாள் காமாட்சி.

"குடுத்தது மாணிக்கம். கொண்டாந்தது சோடா போத்தல் ஓடு."

பூசாரி என் பக்கம் திரும்பினார். "அழகரு, நீ குடுக்கறப்ப செவப்பாத்தான இருந்துச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நூறு பேர் இருப்பார்கள். தலையைக் குனிந்தேன். நான் எப்போதும் குனிகிறவன்தான். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நான் நிமிரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் காதால் கேட்டதுதான். தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திருட்டு என்று புதுத் தொரையிடம் போனால் காமாட்சிக்குப் பேர் வெட்டு, வேலை போய்விடும். குடும்பத்துக்கே விலக்கல் சீட்டான பத்துச்சீட்டு எழுதிக் கையில் கொடுத்து லயத்தைக் காலி பண்ணச் சொல்வார்கள். அப்படி வந்தவர்களை வேறு தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை வரை அம்மனிடம் விடுவது, அதற்குள் கல் வராவிட்டால் காமாட்சி சத்தியம் செய்வது என்று முடிவானது.

"சூடம் ஏத்தி அணைச்சுச் சத்தியம் பண்றேங்க. இப்பவே பண்றேன்," என்றாள் காமாட்சி.

"சூடம் யாரும் அணைப்பாங்க," என்றார் கங்காணி. "பிள்ளையத் தாண்டு."

பெற்ற பிள்ளையைத் தரையில் கிடத்தி அதைத் தாண்டிச் சத்தியம் செய்வது. பொய் என்றால் பிள்ளையைப் பாதிக்கும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது.

"அது மட்டும் மாட்டேன்," என்றாள்.

"நாமதான் எடுக்கலையே புள்ள, தாண்டிட்டுப் போயேன்," என்றான் வேலுச்சாமி. அவன் குரல் அழுகையாக இருந்தது.

"எடுக்காத கல்லுக்கு எம்பிள்ளைய ஏன் தரையில போடணும்?"

"எடுத்தவ வேற என்னா சொல்லுவா?" என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். சிரிப்புச் சத்தம் கேட்டது.

பெரிய கங்காணியின் வழி

சனிக்கிழமை காலை எஞ்சினுக்கு எண்ணெய் விடும்போது வழிந்து தரையெல்லாம் ஓடியது. டீமேக்கர் ஐயா வந்து நின்றார்.

"என்ன காணும், எஞ்சினுக்கு எண்ணெய் முழுக்கே?"

அவர் ஊர்க்காரர் இல்லை என்பதாலோ என்னவோ, அவரிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, பார்த்து, திரும்ப வைத்தார்.

"கங்காணியட்டைப் போம். இப்பவே போம். எஞ்சினை நான் பாக்கிறன்."

"எனக்குப் பேச வராதுங்களே ஐயா."

"கதைக்கத் தெரியாட்டில் காட்டும். உமக்குக் கை இருக்குத்தானே."

கங்காணி வீட்டு முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். எப்படித் தொடங்கினேன் என்று ஞாபகமில்லை. முடித்தபோது உலக்கைச் சத்தம் நின்றிருந்தது.

"மாணிக்கம் உருகுமாடா?"

"உருகாதுங்க."

வெளியே கோழி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. அவர் வெற்றிலை உரலைக் கீழே வைத்தார்.

"எங்கப்பா பழனியில வாங்கி இடுப்புல முடிஞ்சு கொண்டாந்தாரு. கப்பல் ஏத்தறதுக்கு முன்னால மண்டபம் கேம்புல மருந்துத் தண்ணியில எல்லாரையும் முக்கி எடுத்தப்பகூட இடுப்புத் துணிய அவுக்கல. அவரு மாணிக்கம்னு நெனச்சுத்தான் கொண்டாந்தாரு." என்னைப் பார்த்தார். "அந்தச் செவப்பத் திரும்பக் கொண்டாரலாமா?"

"முடியுங்க. பழைய மாதிரியே இருக்குமான்னு தெரியாது."

"அப்ப சரி. நாளைக்கு விடியறப்ப பூசாரி கல்லக் கொண்டாந்து குடுப்பாரு. செவப்பாக்கிக் குடுத்துரு. நெத்தியில வச்சிட்டு, அம்மன் எறங்கி வந்து நெறம் குடுத்துட்டான்னு சொல்லிடறேன். அந்தப் பொம்பள தாண்டவும் வேணாம், ஒன்னும் வேணாம். நீயும் வாயத் தொறக்க வேணாம்."

வாயைத் திறக்க வேண்டாம். அந்தச் சொல் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. வரும் வழியில் இரண்டு நாளைக்குப் பிறகு பசித்தது.

மடுவத்தில் கேட்டது

அன்று மத்தியானம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசுச் சங்கிலி இறுகிவிட்டதென்று என்னைக் கூப்பிட்டார்கள். ஏணியில் ஏறி உத்தரத்தோடு நின்றேன். கீழே பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். மேலே ஒருவன் இருக்கிறான் என்பதை மறந்துவிட்டார்கள்.

"நாளைக்கு நெசமா தாண்டுவாளா?"

"தாண்டவே விடமாட்டாங்க பாரு. அதுக்கு முன்னாடி கல்லு தானா வந்துரும்."

"தானா எப்படி வரும்?"

"பயந்தவ வைக்க மாட்டாளா? விடியறப்ப பாத்தா அம்மன் நெத்தியில செவப்பா இருக்கும். நம்ம அம்மன் மகிமைன்னு கன்னத்துல போட்டுக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். காமாட்சி அதே வரிசையில் மூன்று பேர் தள்ளி நின்றாள். கொழுந்தைக் கூடையில் அமுக்குவதுபோலக் குனிந்துகொண்டாள். அவளுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது.

சங்கிலியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். கங்காணி சொன்ன வழியில் போனால் லயம் போகாது, வேலை போகாது. ஆனால் கல் சிவப்பாகத் திரும்பி வந்த அன்றே அவள் கள்ளி என்பது உறுதியாகிவிடும். அப்புறம் எத்தனை வருஷம் ஆனாலும் அந்தக் காலி இடம் அவளைச் சுற்றி இருக்கும்.

மஞ்சள் சிவப்பாவதை இவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். வேறு வழி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

விடிந்ததும் பூசாரி கல்லோடு பட்டறைக்கு வந்தார்.

"இங்க இல்லீங்க. கோயில்ல செய்யறேன்," என்றேன்.

"கங்காணி ஐயா இங்கதான்னு..."

"சூளைய ஒரு பக்கம் பிடிங்க."

அவர் பிடித்தார். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. விளக்கும் துருத்தியும் என் தோளில். ஈரப் படிகளில் ஏறினோம். மேலே பனி இன்னும் விலகவில்லை.

கோயில் முன்னால் ஆட்கள் கூடியிருந்தார்கள். காமாட்சி தலை குளித்து ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு வெள்ளை வேட்டி விரித்திருந்தது. அதன்மேல் ராசாத்தி மல்லாந்து படுத்துத் தன் கால் கட்டைவிரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

கங்காணி என்னைப் பார்த்தார். பிறகு சூளையைப் பார்த்தார்.

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அது மறந்துவிட்டது.

"கல்லக் கெடுத்தது நான்," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"நான்தான் கெடுத்தேன். ஊதறப்ப மஞ்சளாயிருச்சு. சொல்லாமக் குடுத்துட்டேன். காமாட்சிக்கு ஒன்னும் தெரியாது. இது அதே கல்லு. இப்ப காட்டறேன்."

"அவளக் காப்பாத்த வந்துட்டாருடோய்," என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். சிலர் சிரித்தார்கள். குனிந்து கரியை மூட்டினேன். குனிய ஒரு வேலை இருந்தது நல்லதாகப் போயிற்று.

கல்லை வெள்ளியிலிருந்து கழற்றி ஒரு தட்டில் வைத்துப் பூசாரியிடம் கொடுத்தேன். அவர் வரிசையாகக் காட்டிக்கொண்டு போனார். ஒவ்வொருவரும் பார்த்தார்கள். மஞ்சள். பிறகு அதைச் சூளைக்குள் வைத்தேன். கீறல் உள்ள கல். அவசரப்பட்டால் இரண்டாகப் போய்விடும். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பனி விலகியது. ஆட்கள் குந்தி உட்கார்ந்தார்கள். ராசாத்தி புரண்டு எழப் பார்த்தாள். காமாட்சி அவளை மறுபடி கிடத்தினாள்.

விளக்கை ஏற்றித் துருத்தியை மிதித்தேன். கல்லைச் சாமண இடுக்கியால் எடுத்துச் சுடரின் ஓரத்தில், சுடர் தொட்டும் தொடாமலும் திருப்பினேன். வெளியே எடுத்தேன்.

மஞ்சள்தான்.

"அவ்வளவுதானா?" என்றது ஒரு குரல்.

வேலுச்சாமி மெல்ல எழுந்து நின்றான். காமாட்சி என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

என் அவசரம்தான் காரணம் என்று பட்டது. பயத்தில் சூட்டை அரைகுறையாகக் காட்டியிருந்தேன். கல்லைச் சுடருக்கு வெளியே பிடித்து ஆறவிட்டேன். மனதுக்குள் இருபது எண்ணினேன். மறுபடி சுடரின் ஓரத்துக்குக் கொண்டுபோனேன். இந்தத் தடவை பொறுமையாக, தொரசாணி "மெல்ல, மெல்ல" என்று சொல்வாரே, அப்படி. கல் கங்குபோலக் கொஞ்சம் ஒளிர்ந்தது. எடுத்தேன்.

ஒளிர்வு அடங்கும்போது கல்லின் ஒரு ஓரத்தில் சிவப்பு கிளம்பியது. வெற்றிலை மென்ற வாயில் ஊறுகிறதே, அதுபோல. நடுவுக்கு வந்தது. கீறலைத் தாண்டி அந்தப் பக்கமும் போனது. எனக்கு எதிரே குந்தியிருந்த கிழவர், "அடியாத்தே," என்றார். முன்வரிசைக்காரர்கள் எழுந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் அவர்களை இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

பழைய சிவப்பு இல்லை. அதைவிடக் கறுத்த சிவப்பு. முனைகள் மழுங்கி, உருகின கல் என்பது பார்த்தாலே தெரிந்தது. அதைத் திரும்பச் சூளைக்குள் வைத்து மூடினேன்.

"அப்ப... இது கண்ணாடியா?" என்று அந்தக் கிழவர் கேட்டார்.

நான் சூளையின் கரியைத் தள்ளிவிட்டேன். எல்லோரும் கங்காணியைப் பார்த்தார்கள். அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டார்.

"கண்ணாடிதான்," என்றார். "எங்கப்பா ஏமாந்துட்டாரு." அம்மன் பக்கம் திரும்பி, "கும்பிட்டது ஏமாத்து இல்லையே," என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், பூசாரியிடம், "பிள்ளையத் தூக்கிக்கச் சொல்லுங்க. ஈரத் தரை," என்றார்.

காமாட்சியிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் முந்தின நாள் மடுவத்தில் சிரித்த பெண்களில் இரண்டு பேர் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். ஒருத்தி அவளுடைய ஈரத் தலையைத் துவட்டிவிட்டாள்.

படியில்

கூட்டம் கலைந்தது. சூளையை மறுநாள் வரை திறக்கக் கூடாது என்று பூசாரியிடம் சொல்லிவிட்டு விளக்கையும் துருத்தியையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் காமாட்சி நின்றாள். பிள்ளை இடுப்பில்.

"அண்ணே."

நின்றேன்.

"வியாழக்கெழம நான் வாசல்ல நின்னப்பவே மஞ்சளாத்தான இருந்துச்சு?"

"ஆமா."

"வெள்ளிக்கெழம பூசாரி கேட்டப்ப?"

"ஆமா."

ராசாத்தி என் தோளிலிருந்த துருத்தியை இழுத்தாள். காமாட்சி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இன்னைக்குத் தாண்டியிருப்பேண்ணே. மாட்டேன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. தாண்டறதுன்னு நேத்தே முடிவு பண்ணிட்டேன். நாளைக்கு இவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட, பெத்த ஆத்தா பொய் சத்தியம் பண்ணினான்னு ஊரு சொல்லும். எடுக்காத நானுமே அப்படித்தான் நெனச்சிருப்பேன். அது தெரிஞ்சும் குளிப்பாட்டித் தூக்கிட்டு வந்தேன்."

"அதான் நான் வந்துட்டேனே," என்றேன்.

"வந்தீங்க," என்றாள். "இல்லேங்கல."

பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவள் லயத்துப் பக்கம் இறங்கினாள். எனக்கும் அதே பாதைதான். விளக்கு கையில் இன்னும் சுட்டது. நான் திரும்பி, தேயிலைக்குள் இறங்குகிற சுற்றுப் பாதை வழியாகப் பட்டறைக்குப் போனேன்.